பழைய ராடு, புது லைன்: மதுரையில் ஃப்ளை ஃபிஷிங் பழக எதை வாங்குவது?

துபாயிலிருந்து ஊருக்கு வரும் மச்சான், அங்கே ஒருவர் விற்கிற பழைய கார்பன் ராடை, அதாவது தூண்டில் கோலை, கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். மூணாறு எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா வீட்டுப் பரணில், துணி உறைக்குள் ஒரு மூங்கில் ராடு பல வருடமாகக் கிடக்கிறது. இணையத்தில் ராடு, லைன் சுற்றும் ரீல், லைன், இறகில் கட்டிய பொய்ப்பூச்சியான ஃப்ளை எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுச் சகாய விலைக்கு விற்கிறார்கள். கடலில் பாரை பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் எட்டாம் நம்பர் செட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, நாலு மீட்டர் நீட்டுக் கம்பின் நுனியில் நரம்பைக் கட்டி ஃப்ளையைத் தொங்கவிட்டால் ஆகாதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஃப்ளை ஃபிஷிங் பழக ஆசைப்படுகிறவர் முன்னால் வந்து நிற்கும் வழிகள் ஏறக்குறைய இவ்வளவுதான். நம்மூர் தூண்டில் கடைகளில் பெரும்பாலும் சாதாரணத் தூண்டில் எறிகிற ஸ்பின்னிங் ராடுதான் தொங்கும். ஃப்ளை ராடைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து வாங்குவது அரிது. ஆகவே பழைய சாமான்தான் நடைமுறை. ஆனால் எந்தப் பழைய சாமான் என்பதில்தான் காசு வீணாகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராடு பழசாக இருக்கட்டும், ரீல் அதைவிடப் பழசாக இருக்கட்டும், லைன் மட்டும் புதுசாக இருக்க வேண்டும். அதுவும் வெயில் நாட்டுக்கென்று செய்த லைனாக இருக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பேர் பெற்ற கம்பெனி ராடுக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டிவிட்டு, அதோடு இனாமாக வந்த பழைய லைனைப் போட்டு வீசிப் பார்த்து, இது நமக்கு வராது என்று மூலையில் சாத்திவிடுகிறார்கள்.

லைனுக்கு ஏன் இத்தனை மரியாதை? சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பூச்சி. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, எறிந்தால் காலடியில் விழும். அதனால் எடையை லைனுக்குள்ளேயே வைத்தார்கள். பிளாஸ்டிக் பூச்சோடு தடிமனாக இருக்கும் அந்த லைனைப் பின்னால் வீசி, அது முழுக்க நீளும்வரை பொறுத்திருந்து முன்னால் தள்ளினால் ராடு வளைந்து நிமிரும். லைன் வளையமாகச் சுருண்டு போய் விரியும், கடைசியில் ஃப்ளை மெதுவாகத் தண்ணீரில் இறங்கும். ராடின் மேல் எழுதியிருக்கும் எண் இந்த லைன் எடையைத்தான் குறிக்கிறது. லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருந்தால் அது 5. சுமார் 10.4 கிராம் இருந்தால் 6. எட்டாம் நம்பருக்கு 13.6 கிராம். எண் கூடக் கூடப் பெரிய ஃப்ளையையும் எதிர்க்காற்றையும் சமாளிக்கலாம், கையும் சீக்கிரம் வலிக்கும்.

எந்த மீனுக்கு?

ராடு வாங்குவதற்கு முன்னால் மீனை முடிவு செய்ய வேண்டும். யூடியூபில் பார்க்கும் ஃப்ளை ஃபிஷிங் எல்லாம் ட்ரவுட் மயம். ரெயின்போ ட்ரவுட் குளிர்ந்த ஓடைத் தண்ணீர் கேட்கிற மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சங்கடம். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்கும் மூணாறு மலைக்கும் கொண்டுவந்து விட்டார்கள், அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் வைத்தார்கள். மதுரையிலிருந்து அங்கே போவதென்றால் லீவு, அனுமதி, அறை வாடகை என்று பெரிய ஏற்பாடு. வருடத்துக்கு ஒருமுறை போகிற இடத்துக்காக ராடு வாங்கினால் பழக்கம் வராது.

கடல் ஆசை இருப்பவர்களுக்கு ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் இருக்கின்றன. பாரையும் சீலாவும் ஃப்ளையைத் துரத்தும் மீன்கள்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகவே கூடாது. மற்ற கரைகளில் காற்று ஓயாது, மீனும் முரடு. எட்டு, ஒன்பதாம் நம்பர் ராடும், துருப்பிடிக்காத, நல்ல பிரேக் உள்ள ரீலும் இல்லாமல் கடலில் நிற்பதில் அர்த்தமில்லை.

நமக்கு வாசலிலேயே கிடைப்பது கண்மாய். கண்மாயில் நமக்கு ஏற்ற மீன் ஜிலேபி. சாப்பாட்டில் மதுரைக்கு அயிரைதான் பெருமை, ஜிலேபிக்கு மரியாதை கிடையாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் இன்று இறங்காத குளமில்லை, நாட்டு மீனுக்கு இடைஞ்சல் என்று திட்டும் வாங்குகிறது. ஆனால் ஃப்ளை பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. முட்டையிடும் காலத்தில் ஆண் ஜிலேபி கரையோரத்துச் சேற்றில் வட்டமாகப் பள்ளம் பறித்துக் காவல் நிற்கும். முழங்கால் தண்ணீர்கூட இருக்காது, கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். பசி இருக்கிறதோ இல்லையோ, தன் பள்ளத்துக்குள் எது வந்தாலும் வாயால் கவ்வி வெளியே தள்ளும். அங்கே சின்ன நிம்ஃப் ஒன்றை, அதாவது தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சு மாதிரியான ஃப்ளையை, 10 முதல் 14 நம்பர் வரையான சின்ன முள்ளில் கட்டி, மெதுவாக நகர்த்தினால் போதும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்திருக்கும்போது இரை எடுக்காது, அதனால் மாட்டுவது அநேகமாக ஆண்தான். இதற்கெல்லாம் தேவைப்படும் தூரம் 20 முதல் 30 அடி. அதற்குமேல் வீசத் தெரிந்தாலும் கண்மாயில் பெரிய பிரயோஜனம் இல்லை.

விரால் வேறு கதை. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும் மீன் என்பதால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தவளை மாதிரி கட்டிய ஃப்ளையை ஆகாயத்தாமரை ஓரத்தில் இழுத்தால் வெடித்துக்கொண்டு வரும். ஆனால் மாட்டிய அடுத்த நொடி செடிக்குள் பாயும். அதைத் திருப்பி இழுக்க ஏழு, எட்டாம் நம்பர் ராடு வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே துள்ளுகிற இடத்தில் அடியில் தாய் தகப்பன் காவலிருக்கும். அங்கே வீசினால் நிச்சயம் மாட்டும், நான் வீசுவதில்லை. பெரியதைப் பிடித்துவிட்டால் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை. கட்லா, ரோகு இரண்டையும் மறந்துவிடலாம். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற மீன், ஃப்ளையைப் பார்ப்பது அபூர்வம். போதாக்குறைக்கு அது குத்தகைக்காரர் காசு போட்டு விட்ட மீன்.

ஆக, ஜிலேபி, எப்போதாவது கெண்டை, மலைக்குப் போனால் ட்ரவுட். மூன்றுக்கும் பொருந்துவது 9 அடி நீளமுள்ள 5 அல்லது 6 நம்பர் ராடு. இரண்டும் கிடைத்தால் 6-ஐ எடுக்கச் சொல்வேன், காரணம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பது ஆண்டிபட்டிப் பக்கம் வெறும் சொலவடை இல்லை. வைகை அணைக்கரையில் ஆனி, ஆடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் நம்பர் லைன் அங்கே திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

ஐந்து வழிகளையும் பக்கத்தில் வைத்தால்

பெரியப்பா வீட்டு மூங்கில் ராடிலிருந்து தொடங்கலாம், அழகு அதுதான். அது நம் தெருவில் கிடைக்கும் முழு மூங்கில் இல்லை. ஆறு பட்டையாக மெல்லிசாகச் சீவி அறுகோணமாக ஒட்டிச் செய்தது. இங்கிலாந்தின் ஹார்டி கம்பெனி ராடாக இருந்தால் விலைமதிப்பும் உண்டு. ஆனால் பரண் வெக்கையில் பல கோடை கிடந்த பசை எந்த நேரத்தில் விடும் என்று தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், ஒருபக்கம் வளைந்து நிலைத்திருந்தால் அது நிமிராது. உலோக மூட்டைத் திருகிக் கழற்றினால் மூங்கில் பிளந்துவிடும், நேராகத்தான் இழுக்க வேண்டும். பழகாத கை முரட்டுத்தனமாக வீசும், அந்த வீச்சுக்குப் பலியாக வேண்டிய பொருள் இது இல்லை. கொஞ்சம் கை பழகியபின் ஒரு சாயங்காலம் எடுத்துப் போகலாம்.

அதே பரணில் இருப்பது மூங்கிலாக இல்லாமல் கண்ணாடியிழை ராடாக இருந்தால் என் பதில் வேறு. மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கனமாக, அடிப்பிடி வரைக்கும் வளையும் ராடு. கார்பன் வந்தபின் இதை யாரும் மதிக்காமல் போனதால் விலை குறைவு. அடி உதை தாங்கும். மெதுவாக வளைவதால் லைன் பின்னால் நீண்டுவிட்டதா என்பது கையிலேயே தெரியும், 30 அடிக்குள் வீசப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. பேரைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

மச்சான் கொண்டுவரும் கார்பன் ராடில் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எத்தனை துண்டு, எவ்வளவு விறைப்பு? நான்கு துண்டு என்றால் உறையோடு முக்கால் மீட்டருக்குள் அடங்கும், ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறும்போது யாரையும் குத்தாது. இரண்டு துண்டு நாலரை அடி இருக்கும், பைக்கில் வைப்பதும் பாடு. விறைப்பு அதிகமான ராடுகள் தூரம் வீசுகிற கைக்காரர்களுக்குச் செய்தவை. பழகுகிறவர் பக்கத்தில் வீசும்போது அவை வளையவே வளையாது. அப்படி ஒரு 5-தான் கிடைத்தது என்றால் அதற்கு 6-ஆம் நம்பர் லைன் போடுங்கள். கொஞ்சம் கூடுதல் எடையில் ராடு விழித்துக்கொள்ளும். பல கம்பெனிகள் ராடுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. அது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். நுனித்துண்டு உடைந்தால் மதுரையில் மாற்றுத் துண்டு கிடைக்காது, அதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

இணையத்து டப்பா செட்டை நான் முழுக்கத் திட்டமாட்டேன். ராடு ஓரளவுக்கு வேலை செய்யும், சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம், பழைய ராடைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதவருக்கு அது ஒரு நிம்மதி. அதன் பலவீனம் அதே லைன்தான். மலிவு விலைக்குள் அடக்க அவர்கள் முதலில் கை வைப்பது அதில். டப்பாவோடு தனியாக ஒரு நல்ல லைனும் வாங்கிவிட்டால் கணக்குப் பழைய கார்பன் ராடுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் காசுக்குப் பழையதில் நல்ல ராடே கிடைக்கும்.

எட்டாம் நம்பரை வாங்காதீர்கள். விலையைப் பார்த்து ஆசை வரும். கண்மாய் ஜிலேபி மாட்டினால் ராடு வளைந்ததாகவே தெரியாது, அரை மணி நேர வீச்சில் மணிக்கட்டு கெஞ்சும். உப்புத்தண்ணீர் கண்ட ரீலுக்குள் என்ன துரு இருக்கிறது என்பதும் பிரித்தால்தான் தெரியும். விரால்தான் லட்சியம், அல்லது மாதம் தவறாமல் ராமேஸ்வரம் போகிற ஆள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நீட்டுக் கம்புதான் எல்லாவற்றையும்விட வில்லங்கமான போட்டியாளர், ஏனென்றால் அது பெரும்பாலும் ஜெயித்துவிடும். ஜப்பானின் மலையோடைகளில் டென்காரா என்று இதே முறை இருக்கிறது. ரீல் கிடையாது, கம்பு நுனியில் லைன், லைன் நுனியில் ஃப்ளை. நம் பையன்கள் கண்மாய்க் கரையில் தட்டையும் தங்கூசியும் தக்கையும் வைத்து உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் புழுவுக்குப் பதில் ஃப்ளை என்பதுதான். நாலு மீட்டர் கம்பும் நாலு மீட்டர் லைனும் சேர்ந்தால் எட்டு மீட்டர், அதாவது சுமார் 26 அடி. ஜிலேபிக்கு வேண்டிய தூரம் அதேதான்! தூண்டில் கடையில் மலிவாகக் கிடைக்கும், பழையது தேடவே வேண்டாம். மீன் பிடித்தால் போதும் என்பவர் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு இதை வாங்கிக்கொள்ளலாம், வருத்தப்படமாட்டார். ஆனால் காற்றில் இந்த லேசான லைன் நிற்காது, பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க லைன் இருக்காது. முக்கியமாக, லைனின் எடையை வைத்து வீசுகிற வித்தை இதில் வராது. அந்த வித்தைக்காகத்தானே இத்தனை பாடு.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரம் கடத்தும். நம் கண்மாய்க் கரைகளுக்கு மேலே வயல் மோட்டாருக்குப் போகிற கரண்டு கம்பி தாழ்ந்து தொங்குவது சாதாரணம். 9 அடி ராடு பிடித்த கை மேலே போகும்போது அந்தக் கம்பி எட்டும் உயரத்தில்தான் இருக்கும். நாலு மீட்டர் கம்புக்கு இது இன்னும் ஆபத்து. முதலில் மேலே பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள்.

லைன் என்கிற தனிக்கணக்கு

குளிர்நாட்டில் ட்ரவுட் பிடித்தவர் விற்கும் செட்டில் இருக்கும் லைன் அந்தக் குளிருக்கென்று செய்தது. பத்து டிகிரித் தண்ணீரில் விறைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பூச்சை மென்மையாக வைத்திருப்பார்கள். அதைச் சித்திரை வெயிலில் மதுரைக்குக் கொண்டுவந்தால் அல்வா மாதிரி ஆகிவிடும். ராடு வளையங்களில் ஒட்டும், வளையமாக விரியாமல் குவியலாக விழும். பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வெப்ப நாட்டு லைன் என்று தனியாக விற்கிறார்கள், ட்ராபிக்கல் என்று உறையில் போட்டிருக்கும். கொடைக்கானல் குளிருக்கு எடுத்துப் போனால் அது சுருள் சுருளாக நிற்கும், அதை நீட்டி இழுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். மிதக்கும் வகைதான் வேண்டும். மூழ்கும் லைன் இப்போதைக்குத் தேவையில்லை.

பழைய லைன் வந்தே ஆகிறது என்றால் விரலில் சுற்றி வளைத்து, வெயிலில் உற்றுப் பாருங்கள். பூச்சில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறும், நுனி மூழ்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்தும் பிசுபிசுப்புப் போகவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. கொசுவுக்குப் பூசும் களிம்புகளில் இருக்கும் டீட் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடியது, பூசிய கையோடு லைனைத் தொட்டால் புது லைனும் பாழாகும். கண்மாய்க் கரையில் சாயங்காலம் கொசு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னங்கையால் பூசிக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டபுள் டேப்பர் என்ற வகை லைனில் இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்து முடியும். வாங்கியவர் ஒரு முனையை மட்டும் தேய்த்துவிட்டு, மறுமுனையை ரீலின் அடியிலேயே வெயில் படாமல் வைத்திருப்பார். முழுக்கப் பிரித்து, திருப்பிச் சுற்றினால் அநேகமாகப் புது முனை. கரையில் பனையும் கருவேலமும் பின்னால் நிற்கிற இடங்களில் பின்வீச்சே இல்லாமல் உருட்டி விடுகிற வீச்சு தேவைப்படும், அதற்கும் இந்த வகை சுகம். வெய்ட் ஃபார்வர்டு என்ற மற்ற வகையில் எடையெல்லாம் முன்பக்கம் மட்டும் இருக்கும், அதைத் திருப்ப முடியாது.

உறை தொலைந்துபோன லைன் என்ன எண் என்று தெரியவில்லையா? நுனியிலிருந்து 30 அடியை அளந்து, அந்தப் பகுதியை மட்டும் சுருட்டித் தராசுத் தட்டில் வையுங்கள். தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடை இருந்தால் அந்தத் தராசு போதும். 9 கிராம் காட்டினால் 5, பத்தரைக்குப் பக்கம் காட்டினால் 6. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

செத்துப்போன லைனையும் தூக்கி எறிய வேண்டாம். தரையில் வீசிப் பழக அதுதான் சரி. மணலும் தார்த் தரையும் பூச்சைச் சுரண்டிவிடும் என்பதால் புது லைனைத் தரையில் போடக் கூடாது. வருடத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத வைகைதான் மதுரையில் இருப்பதிலேயே விசாலமான பயிற்சி மைதானம், கருவேல முள்ளைப் பார்த்துக்கொண்டால் போதும். புல் இருக்கும் பள்ளிக்கூட மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃப்ளையின் முள்ளை நறுக்கிவிட்டு ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். உருட்டு வீச்சு மட்டும் தரையில் வராது, லைனைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

ரீலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜிலேபிக்கு ரீல் என்பது லைன் சுற்றி வைக்கும் உருளை. சுற்றும்போது டக்டக் என்று சத்தம் போடும் பழைய ரீல் தாராளமாகப் போதும். உருளை ஆடாமல் சுற்றுகிறதா, அடியில் இருக்கும் பாதம் ராடின் பிடியில் இறுக்கமாக உட்காருகிறதா, எந்தக் கைக்குச் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ராடில்தான் கண் வேண்டும். மூட்டுகளைச் சொருகி மெதுவாக ஆட்டினால் கடகட என்றால் தேய்ந்திருக்கிறது. வளையங்களுக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றுங்கள், பஞ்சு இழை சிக்கினால் அங்கே வெட்டு இருக்கிறது, லைனை அறுக்கும். நுனி வளையம் மற்றதோடு ஒப்பிட்டால் பெரிதாக, புதிதாக இருந்தால் நுனி ஒடிந்து குட்டையாக ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரும், அதன் கடைசித் துண்டான டிப்பெட்டும் பழையதாக வாங்கவே கூடாது, வெயில் பட்ட நைலான் சொல்லாமல் அறும். ஒன்பது அடி லீடரை நம்மூர் கடையின் நரம்பு உருளைகளிலேயே கட்டிவிடலாம். 0.45 மில்லிமீட்டரில் தொடங்கி 0.35, 0.25 என்று இறங்கி 0.20-ல் முடித்தால் ஜிலேபிக்குக் கச்சிதம்.

ஃப்ளை விஷயத்தில் பழைய பெட்டி வாங்குவதைவிடக் கட்டப் பழகுவதே லாபம். பழைய முள் உள்ளுக்குள் துருவேறியிருக்கும். எஸ்டேட் காலத்துப் பெட்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மினுக்கும் புள்ளி வைத்த சின்ன இறகு அதில் இருந்தால் அது அநேகமாக நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்கள் ஒருகாலத்தில் அதற்கு அலைந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது தொடக் கூடாத சரக்கு, மான் முடியும் அப்படித்தான். நமக்கு எதற்கு அதெல்லாம்? வீட்டுச் சேவலின் கழுத்திறகு நீளமும் விறைப்புமாக இருக்கும், கறிக்கடையில் ஆட்டு வால் முடி கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள், எம்பிராய்டரி நூல் விளக்குத்தூண் பக்கம் தேடினால் கிடைக்கும். ஜிலேபிக்குப் பழுப்பும் பச்சையும் கலந்த நூல் உடம்பு, அதன் மேல் ஒரு சுற்று இறகு, இதற்குமேல் கலை வேண்டாம்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதியை லைனுக்கென்று முதலில் எடுத்து வைத்துவிடுவேன். மிச்சத்தில் கிடைக்கிற 6-ஆம் நம்பர் பழைய ராடு, பேரைப் பார்க்காமல். ரீல் அதோடு வந்தால் சரி, வராவிட்டால் மலிவானது ஒன்று. கடைசியில் நரம்பும் முள்ளும் வாங்கக் கொஞ்சம் நிற்க வேண்டும். வெயில் கண்ணாடி ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், காற்றில் திரும்பி வரும் முள்ளுக்குக் கண் எது, மீன் எது என்று தெரியாது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, காதில் ஏறினாலும் சுலபமாக வரும்.

வாங்குவதற்கு நேரமும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகைக்குக் கண்மாய் நிறைந்து கலங்கி நிற்கும். பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் விட்டால் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு மேலும் வரத்து. தைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்து கரையை விட்டு இறங்கும்போதுதான் ஜிலேபிப் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஆடி, ஆவணியில் ராடு தேடி, புரட்டாசியில் தரையில் பழகி, தை மாதத்தில் தண்ணீருக்குப் போவது சரியான வரிசை.

எங்கே போவது என்பதில் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கண்மாய் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுத்தவருடையது, வைகை அணை என்றால் மீன்துறையிடம் கேட்க வேண்டும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவித்த அரிட்டாபட்டிப் பக்கம் ராடைக் கொண்டுபோகவே வேண்டாம். குத்தகைக்காரரிடம், "அண்ணே, ஜிலேபி மட்டும்தான்ணே, கட்லா மாட்டுனா விட்டுர்றேன்" என்று சொன்னால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். "இந்தச் சாட்டையில மீன் சிக்குமா தம்பி?" என்ற கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். ஜிலேபி அவருக்கும் தொல்லைதான். மாசி, பங்குனி தாண்டி மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்கென்று மீனை விட்டுவைத்திருக்கும் கண்மாய்களில் மட்டும் யார் அனுமதித்தாலும் வீசாதீர்கள். ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கப்போகிற தண்ணீர் அது. அன்றைக்கு ராடை வீட்டில் வைத்துவிட்டு நாமும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.